பொப்பாயி ராணியும் வெண்கல உருளியும்

இனிமேல் பெண்டாட்டியைக் கேட்டு எதையும் செய்வதில்லை என்று ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் முடிவு செய்தேன். முடிவு செய்தபோது அவள் ஊரில் இல்லை. நல்லேப்பிள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். என்னுடைய வீரமான முடிவுகள் எல்லாம் இந்த மாதிரி சமயத்தில்தான் பிறக்கும்.

என் பெயர் நஞ்சப்பன். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் கொஞ்சம் நெல் வயல், கொஞ்சம் கடலைக்காடு. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய ரோமாபுரிக் காசு. எங்கே யாரிடம் தேய்ந்த காசு இருந்தாலும் போய் நிற்பேன். கோயமுத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாணயப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கிரேக்க எழுத்துக்கூடப் படித்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் சர்க்கார் நயா பைசா என்று புதுக்காசு விட்டிருந்தது. ஓரணாவுக்கு ஆறு நயா பைசாவா, ஆறேகாலா என்று சந்தையெல்லாம் சண்டை. நான் அந்தச் சண்டையில் சேரவில்லை. என்னுடைய காசெல்லாம் செல்லாமல் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது.

வெளியே என்னை எல்லோரும் நாணயமான மனுஷன் என்பார்கள். என் மனைவி ராமாத்தாளிடம் ஒருமுறை அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஆமாங்க, நாணயம்தான் இருக்குது. காசுதானுங்க இல்லை" என்றாள்.

இருந்த காசுகளை வைப்பதற்குத் தேக்கில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தேன். சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் பித்தளைக் குமிழ். ராமாத்தாள் அந்தப் பெட்டியைத் தடவித் தடவிப் பார்ப்பாள். "பொட்டி என்னமோ நெம்ப நல்லாத்தான் இருக்குது. உள்ள இருக்கறதுதான் ஒண்ணுக்கும் ஆகாது" என்பாள்.

அவள் கல்யாணத்துக்குப் போயிருந்த அன்றைக்குத்தான் பாலக்காட்டு அங்காடியிலிருந்து சைனுதீன் ராவுத்தர் ஆள் விட்டிருந்தார். ராவுத்தருக்குப் பாத்திரக்கடை. உருக்குவதற்கு வரும் பழைய செம்பு, பித்தளையில் காசு ஏதாவது கிடந்தால் எனக்காக எடுத்து வைப்பார். உடனே கிளம்பிப் போனேன்.

"வாங்க கவுண்டரே. நம்ம மச்சான் வண்டிப்பெரியார்லேர்ந்து ஒரு சாக்குப் பழைய உருப்படி அனுப்பிச்சான். கிளறிப் பாத்தேன். இது கெடந்துச்சு."

உள்ளங்கையை நீட்டினார். எட்டணாக் காசு அகலம், அதைவிடத் தடிமன். கறுத்துப் போயிருந்தது. ஒரு பக்கம் பருத்த கழுத்தோடு ஒரு ஆள், தலையைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி கிரீடம். மறுபக்கம் கொண்டை போட்ட ஒரு பெண். சுற்றிலும் எழுத்து. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். வாசக்கால் மாதிரி ஒரு எழுத்து, அதே மாதிரி இன்னொன்று, பக்கத்தில் இன்னொன்று. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

ஏன் நடுங்கியது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரோமாபுரிக்காரன் மிளகு வாங்கச் சேர நாட்டு முசிறிக்குக் கப்பல் கப்பலாக வந்தான். கொங்கு நாட்டு நீலக்கல் அவனைத் தேடி நம்ம பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனது. அதற்கெல்லாம் அவன் கொடுத்தது ரோமில் அடித்த சுத்தமான தங்கம், வெள்ளி. அந்தக் காசு இந்தப் பக்கம் குடம் குடமாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் ரோமுக்குக் கீழே இருந்த மாகாணங்கள் தனித்தனியாகவும் காசு அடித்துக்கொண்டன. எகிப்தில் அலெக்சாந்திரியாவில் அடித்ததில் எழுத்து கிரேக்கம், வெள்ளி பேருக்குத்தான், பாதிக்கு மேல் செம்பு. எகிப்தைத் தாண்டினால் அது செல்லாது. திருவாங்கூர்ச் சக்கரக் காசைப் பாலக்காட்டுக் கடையில் நீட்டினால் நம்ம ஆட்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி. செல்லாத காசை எவன் கடல் தாண்டி எடுத்து வருவான்? எவனோ ஒரு கப்பல்காரன் இடுப்பில் மறந்து சொருகிக்கொண்டு வந்தது, எங்கெங்கேயோ சுற்றி, ராவுத்தர் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கிரீடக்காரன் நீரோ மன்னன். கொண்டைக்காரி அவனுடைய ராணி. எனக்குத் தெரிந்து இந்தச் சுற்று வட்டாரத்தில் யாரிடமும் இது கிடையாது.

வியாபாரி முன்னால் கை நடுங்கலாம், முகம் மலரக் கூடாது. எனக்கு இரண்டும் ஆகிவிட்டது.

"என்ன வேணும், சொல்லுங்க ராவுத்தரே."

"ரூவா வேணாம்."

"பின்னே?"

ராவுத்தர் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஊட்ல ஒரு வெண்கல உருளி இருக்குல்ல? அன்னிக்கு எங்க ஊட்டுக்காரி சௌதா உங்க ஊட்டுக்கு வந்தப்ப பாத்துட்டா. அன்னியிலேர்ந்து எங்க ஊட்ல சோறு இருக்கு, பேச்சு இல்லை."

"நீங்க பாத்திரக்கடைதானே வெச்சிருக்கீங்க?"

"கடை உருளி வேணாமாம். அந்த உருளிதான் வேணுமாம். அதைக் கொண்டாந்து குடுங்க, ராசாவைக் கொண்டு போங்க."

அந்த உருளி ராமாத்தாளுக்கு அவள் அண்ணன் சீராகக் கொடுத்தது. கல்யாணத்தன்றைக்கு அவளும் உருளியும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து இரண்டு பேரையும் நான் ஒரு அங்குலம்கூட நகர்த்த முடிந்ததில்லை.

அப்போதுதான் மேலே சொன்ன முடிவைச் செய்தேன். வழி நெடுக யோசித்து ஒரு திட்டமும் போட்டேன். ராமாத்தாள் ஊரிலிருந்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தேன்.

"ராமாத்தா, நாளைக்கு டவுனுக்கு வண்டி போகுது. நம்ம உருளிக்கு ஈயம் பூசீட்டு வந்தர்றேன்."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"உருளிக்குங்களா?"

"ஆமா."

"ஈயமுங்களா?"

"ஆமா. உள்ள களிம்பு புடிச்சுக் கெடக்குது. வயித்துக்கு ஆகாது. புஸ்தகத்துல போட்டிருக்கான்."

"புஸ்தகத்துல போட்டிருந்தாச் செரீங்க."

அவ்வளவுதான். நான் அடுக்கி வைத்திருந்த மிச்சப் பொய்யெல்லாம் வீணாகிவிட்டது. மறுநாள் காலையில் வண்டியைப் பார்த்தால் உருளியோடு அண்டா, தவலை, குடம், குத்துப்போணி என்று சமையலறையே ஏறி உட்கார்ந்திருந்தது.

"இதெல்லாம் எதுக்கு?"

"வண்டி போறது போகுது. இதுகளுக்கும் பூசீட்டு வந்துருங்க." உருளியைத் தூக்கி வைக்க அவளே ஒரு கை பிடித்தாள். "பாத்துங்க, விளிம்பு நசுங்கீரப் போகுது."

எனக்கு மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. நீரோவின் முகத்தை நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்டா முதல் குத்துப்போணி வரை பளபளவென்று வந்து இறங்கின. உருளி வரவில்லை. என் மடியில் காசு.

"உருளி எங்கீங்க?"

"அதுல வேலை நெறைய இருக்குதாம். நாளாகும்னு சொல்லிப்போட்டான்."

"ஆகட்டுங்க. நல்ல வேலைன்னா நாளாகத்தான் செய்யும்" என்று உள்ளே போய்விட்டாள்.

இத்தனை சுலபமாக ஏமாறுகிற பெண்ணிடமா இத்தனை காலம் பயந்துகொண்டிருந்தோம் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கையோடு கோயமுத்தூருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அங்கே ஒரு கல்லூரியில் மிக்கேல்ராஜ் என்று சரித்திரப் பேராசிரியர். முன்பு ஒருமுறை அவரிடம் அலெக்சாந்திரியாக் காசு இந்தப் பக்கம் கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். கிடைக்காது, கிடைத்ததாக யாராவது சொன்னால் அது திருவிழாக் கடைப் பொம்மைக் காசாக இருக்கும் என்று பதில் போட்டிருந்தார். இந்தத் தடவை காசை ஒற்றியெடுத்த காகிதத்தையும் வைத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், காசு நிஜமானால் எங்கள் சரித்திரப் பத்திரிகையில் கட்டுரை எழுதுகிறேன், உரியவர் பெயரும் அச்சில் வரும் என்று.

உரியவர் பெயர்! என்னுடைய பெயர் அதுவரை அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அதிலும் ராமாத்தாள் பெயருக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில்.

"என்ற காசைப் பாக்க ஞாயித்துக்கெழம ஒரு புரொபசர் வர்றாரு" என்று ராமாத்தாளிடம் சொன்னேன்.

"வரட்டுங்க. இட்லிக்குப் போட்டு வெக்கறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, நாளைக்கு என்ற அண்ணன் குடும்பத்தோட வர்றாங்க. பாயசம் வெக்கோணும். உருளி வேணுமுங்க."

கொஞ்சம் மோரைக் குடித்துக்கொண்டேன்.

"அண்டாவுல வெக்கலாமல்லோ? இப்பத்தான் ஈயம் பூசி வந்திருக்குது."

"அண்ணன் குடுத்த உருளி இருக்கைல அண்ணனுக்கு அண்டாவுலீங்களா வெப்பாங்க? எங்க உருளின்னு அண்ணன் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கோங்க."

என் மைத்துனருக்குக் கோபம் வந்தால் முதலில் மீசையைத் தடவுவார். அப்புறம் என்ன செய்வார் என்பதை யாரும் நின்று பார்த்ததில்லை. கையைக் கழுவிக்கொண்டு வண்டியைப் பூட்டினேன்.

"ராவுத்தரே, ஒரே ஒரு நாளைக்கு உருளியை எரவல் குடுங்க."

ராவுத்தர் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து சௌதாவின் குரல் வந்தது.

"எரவல்தானே கேக்கறீங்க அண்ணே, தாராளமா எடுத்துட்டுப் போங்க. அந்த ராசாக் காச இங்க வெச்சுட்டுப் போங்க. உருளி திரும்பி வந்தா ராசா திரும்பி வருவாரு."

"என்னம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு அண்ணே. உங்க ஊட்ல அக்கா இருக்குல்ல?"

ராவுத்தர் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கூரையில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மைத்துனர் சாப்பிட்டுவிட்டுப் போனதும் உருளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசை மீட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வரும்போது கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். காசை வைத்துவிட்டு உருளியை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ராமாத்தாள் விரட்டினாள். "வெசயாப் போங்க, அண்ணன் எந்த பஸ்ஸுல வருவாங்கன்னு தெரியாது. எறங்கி ஆரும் இல்லீன்னா கோவிச்சுக்குவாங்க."

பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். கொழிஞ்சாம்பாறை பஸ் வந்தது, சித்தூர் பஸ் வந்தது, பொள்ளாச்சி பஸ் வந்தது. இறங்கியவர்கள் எல்லோரும் என்னை விசாரித்துவிட்டுப் போனார்கள். வெயில் உச்சி மண்டையில் இறங்கிய பிறகு வீட்டுக்கு வந்தேன். வீடெல்லாம் பாயச வாசம்.

"அண்ணன் வரலியே."

"அவங்களுக்குத் தோதுப் படலையாமுங்க. உக்காருங்க, பாயசம் குடிங்க."

தகவலை யார் கொண்டுவந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை, அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது டம்ளர் குடித்துவிட்டு எழுந்தேன்.

"செரி, உருளியைக் கொண்டு போயி ஈயக்காரன்கிட்டக் குடுத்துட்டு வந்தர்றேன். பாதி வேலை பாக்கி கெடக்குது."

உருளி ஏற்கெனவே கழுவித் துடைத்து உள்ளறையில் இருந்தது. உள்ளறை பூட்டியிருந்தது. சாவி ராமாத்தாள் இடுப்பில் இருந்தது.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"வெண்கலத்துக்கு எந்த ஊர்லீங்க ஈயம் பூசறாங்க?"

"பூச மாட்டாங்களா?"

"செம்புக்குப் பூசுவாங்க. பித்தளைக்குப் பூசுவாங்க. வெண்கலத்துக்கு எதுக்குங்க ஈயம்? அன்னைக்கு உங்க மூஞ்சியைப் பாத்தா பாவமா இருந்துது, ஒண்ணும் சொல்லலை."

நீரோவின் காசில் செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் சமையலறை எனக்கு அலெக்சாந்திரியாவைவிடத் தூரமாக இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராவுத்தர், சௌதா, ராஜா, ராணி, ஒன்றையும் விடவில்லை. அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ராமாத்தா, நாளைக்கு அந்தப் புரொபசர் வர்றாரு. காசு இல்லீன்னா பொய் சொன்னேன்னு ஆயிரும். என்ற மானமே போயிரும்."

"அப்பக் காலைல மொத பஸ்ஸுக்குப் போயிக் கேளுங்க."

"உருளி இல்லாமக் குடுப்பாங்களா?"

"போயிக் கேட்டுத்தான் பாருங்களே."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பாலக்காட்டில் இறங்கினேன். ராவுத்தர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"காசு இங்க இல்லை, கவுண்டரே."

"இல்லையா! எங்கே?"

"உள்ள வந்து பாருங்க."

அவர் வீட்டுச் சமையலறை மேடையில் என் தேக்குப் பெட்டி உட்கார்ந்திருந்தது! சௌதா ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துக் காட்டினாள். கிராம்பு. ஏலக்காய். பட்டை. மேல் வரிசையில் எந்த இடத்தில் நான் திபேரியஸ் மன்னனைப் படுக்க வைத்திருந்தேனோ அங்கே மிளகு. மிளகைத் தேடிக் கடல் தாண்டி வந்த மன்னனை மிளகு வெளியே தள்ளிவிட்டு அவன் படுக்கையில் படுத்திருந்தது.

"நேத்துக் காலைல அக்கா வண்டியில கொண்டாந்து எறக்கிச்சு அண்ணே. பொட்டிய எனக்குக் குடுத்துட்டுக் காச வாங்கிட்டுப் போயிருச்சு. உருளி அக்காகிட்டயே இருக்கட்டும். அது அவங்க சீர்ப் பாத்திரம், அத வெச்சுக்கிட்டு எனக்கு எப்படிப் பாயசம் எறங்கும்? நீங்க கொண்டாந்து எறக்குன மறுநாளே நான் அக்காவுக்கு ஆள் விட்டுட்டேன்."

நேற்றுக் காலையில்! நான் பஸ் நிறுத்தத்தில் பொள்ளாச்சி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம். காசு போன துக்கத்தில் இரண்டு நாளாகப் பெட்டி இருந்த பக்கமே நான் போகவில்லை.

"பெட்டிக்குள்ள என்ற காசெல்லாம் இருந்துதே, சௌதா?"

"ஊறுகாய் ஜாடியில போட்டு வெச்சிருக்கறதா அக்கா சொல்லிச்சு. கழுவுன ஜாடிதானாம், பயப்படாதீங்க."

ராவுத்தர் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "மனசு விட்டுராதீங்க கவுண்டரே. எனக்கு மட்டும் என்ன மிச்சம்? உருளியும் போச்சு, காசும் போச்சு. ஆனா ஊட்ல பேச்சு வந்துருச்சு" என்றார். அதைச் சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால் பேராசிரியர் எனக்கு முன்னால் வந்து இலையில் உட்கார்ந்திருந்தார். கனத்த கண்ணாடி, கதர் ஜிப்பா. ராமாத்தாள் தலைக்குக் குளித்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இட்லி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில், தாலிக்கொடியில், சுற்றிலும் வெள்ளிக்கம்பி கட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக் காசு தொங்கிக்கொண்டிருந்தது.

சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். "என்ன வேலை பண்ணிப்போட்டே! ஓட்டை கீட்டை போட்டயா?"

"ஓட்டை போட்டா மதிப்புப் போயிரும்னு நீங்க பொலம்பறது எனக்குத் தெரியாதுங்களா? ஆசாரிகிட்டச் சொல்லிச் சுத்தீலும் கம்பிதான் கட்டியிருக்குது."

"கழட்டிக் குடு. அவரு பாக்கோணும்."

"தாலிக்கொடியிலீங்க கோத்திருக்குது." கண்ணை அகலமாக விரித்து என்னைப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா கட்டுன புருசனே கழட்டச் சொல்றீங்களா? சொல்லுங்க, கழட்டிப்போடறேன்."

எந்தப் புருஷன் சொல்வான்? கூடத்தில் பேராசிரியரின் இட்லி சாப்பிடும் சத்தம் நின்றிருந்தது. அவரும் கல்யாணம் ஆனவர்தான் போலிருக்கிறது.

கடைசியில் ராமாத்தாள் கூடத்துக்குப் போய், கொடியை எட்டும் மட்டும் இழுத்துக் காசை நீட்டிப் பிடித்தாள். பேராசிரியர் கையைக் கழுவிக்கொண்டு மரியாதையான தூரத்தில் குனிந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நிஜம்தான்! அலெக்சாந்திரியாவில் அடித்ததேதான்!"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "நான் அப்பவே உங்களுக்கு எழு..."

"இந்தாங்க, உங்களுக்கு இட்லி ஆறிப் போகுது" என்று ராமாத்தாள் என்னை இலையில் உட்கார வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "இதுல மூணு வாசக்கால் இருக்குதுங்களே, அது என்னுங்க?"

"அம்மா நல்லாக் கவனிச்சிருக்கீங்க! அது கிரேக்கத்துல 'ப'. ராணியோட பேரு. பொப்பாயியா."

"பாப்பாயிங்களா? எங்க சின்னம்மா பேருங்க!"

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் கதை சொல்ல ஆரம்பித்தார். அந்த மன்னன் ராணியின் மேல் உயிராக இருந்தானாம். ஆனாலும் ஒரு நாள் கோபத்தில் அவளை உதைத்துவிட்டானாம், மாசமாக இருந்த ராணி அதிலேயே செத்துப்போனாளாம். பழைய நூல்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். ராமாத்தாள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஏன் தலையைக் குனிந்துகொண்டேன் என்று எனக்குத் தெரியாது. அவளை ஒரு நாள்கூடக் கை நீட்டி அடித்ததில்லை. துணிந்ததில்லை என்றும் சொல்லலாம்.

"அப்ப இவ வெளீல இருக்கட்டுங்க. அவன் மூஞ்சியை ஆரு பாக்கறது?" என்று காசைத் திருப்பி, ராஜாவை உள்பக்கமாகப் போட்டுக்கொண்டாள்.

பேராசிரியர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். காசு எப்படிக் கிடைத்தது, எந்த ஊரிலிருந்து வந்தது, உருக்காமல் எப்படித் தப்பியது. ராமாத்தாள் வண்டிப்பெரியாரில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஈயம் பூசிய கதையை மட்டும் சொல்லவில்லை. அதற்கு அவளுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நடுவில் நான் பல தடவை வாயைத் திறந்தேன். திறந்த ஒவ்வொரு தடவையும் இலையில் ஒரு இட்லி விழுந்தது. போகும்போது பேராசிரியர் அவளைக் கும்பிட்டார். என்னிடம் இட்லி பிரமாதம் என்றார்.

மழைக்காலம் முடிந்து பத்திரிகை வந்தது. தபால்காரரிடமிருந்து பிடுங்கி, களத்து மேட்டில் நின்றுகொண்டே பிரித்தேன். முழுப் பக்கத்துக்குப் படம், நான் ஒற்றியெடுத்து அனுப்பிய ராணியின் பக்கம், ஒரு முடிகூட விடாமல் அழகாக வந்திருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது:

"இந்த அரிய நாணயத்தைச் சேகரித்துக் காத்துவருபவர் எலப்புள்ளி திருமதி ராமாத்தாள் அவர்கள். நாம் பார்வையிடச் சென்றபோது அம்மையாரின் கணவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்."